இடது பக்கம் வைத்த வெந்நீர்ப் பை

3-7-2025, வியாழன்

காலை ஆறு. மதியம் ஏழு. சாயங்காலம் ஆறு.

இது மணிக்கணக்கு இல்லை. என் வீட்டுக்காரி ஒச்சம்மாள் தன் அடிவயிற்று வலிக்குச் சொன்ன நம்பர். ஒன்றுமே இல்லை என்றால் சைபர், தாங்கவே முடியாது என்றால் பத்து. மதுரை ஆஸ்பத்திரியில் பெர்சி டாக்டரம்மா ஒரு சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார். ஒரு நாளைக்கு மூன்று கட்டம். நாள் முழுக்க வீட்டில் யார் இருப்பீர்கள் என்று கேட்டார். மகன் ஓசூரில் வேலை. மருமகள் தாமரைச்செல்வி திருமங்கலத்தில் ஜவுளிக்கடைக்குப் போகிறாள். மிச்சம் நான்தான்.

"ஐயாவுக்கு எழுதத் தெரியுமா?"

"பள்ளிக்கூடம் போகல டாக்டர். முப்பத்தெட்டு வயசு வரைக்கும் கைநாட்டு. அறிவொளி வகுப்புலதான் கத்துக்கிட்டேன். மெதுவா எழுதுவேன்."

"மெதுவாவே எழுதுங்க" என்றார்.

அந்தக் கட்டத்துக்குள் நம்பர் மட்டும்தான் நுழையும். எழுதி முடித்த பிறகும் பேனா கையிலேயே இருக்கிறது. அதனால் இந்தப் பழைய நோட்டு.

4-7-2025, வெள்ளி

ஏழு. ஏழு. எட்டு.

எட்டு என்று சொன்னபோது அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எட்டு வலி வலிக்கிறவள் கீரை ஆய்வாளா என்று எனக்குள் ஓடியது. கேட்கவில்லை. ஆனால் ஓடியது. எழுபத்தொரு வயதிலும் அதுதான் முதலில் ஓடுகிறது.

6-7-2025, ஞாயிறு

அக்கா முனியாயி வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டது.

"என்ன ஒச்சம்மா, அரிவாமனை வலி எப்படி இருக்கு?"

"இருக்கு மதினி" என்று சொல்லிவிட்டு ஒச்சம்மாள் காபி போடப் போனாள்.

அந்தப் பேரை வைத்தது அக்கா இல்லை. நான். 1994 ஆடி மாதம், குலசாமி கோயிலில் கிடாவெட்டு. நாற்பது பேருக்குச் சமையல். வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய் வேப்பமரத்தடியில் சுருண்டு படுத்தாள். பங்காளிகள் என் முகத்தைப் பார்த்தார்கள். "இவளுக்கு வயித்து வலி அரிவாமனையைக் கண்டாத்தான் வரும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு நன்றாக இருந்தது. முப்பத்தொரு வருசம் கழித்தும் எங்கள் சாதிசனத்தில் அந்தப் பேச்சு உயிரோடு இருக்கிறது.

எனக்கு ஞாபகசக்தி அதிகம் என்று ஊரில் சொல்வார்கள். மாட்டுத் தரகு பார்த்தவன். எந்த வருசம் எந்தச் சந்தையில் யார் ஓட்டி வந்த மாட்டுக்கு எந்தப் பக்கம் சுழி, எத்தனை பல் என்று இன்றைக்கும் சொல்வேன். அந்த வேப்பமரத்தடியில் அவள் எப்படிப் படுத்திருந்தாள், எந்தக் காலை மடக்கியிருந்தாள் என்று யாராவது கேட்டால் தெரியாது. நான் பார்க்கவில்லை.

9-7-2025, புதன்

ஆஸ்பத்திரி போய் வந்தோம்.

டாக்டரம்மா முதலில் பழைய தாள்களை எல்லாம் விரித்து வைத்துப் பார்த்தார். ஸ்கேனில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் ஒன்றும் இல்லை, சிறுநீரில் ஒன்றும் இல்லை. "ஒண்ணும் தெரியலங்கிறதுனால வலி இல்லன்னு அர்த்தம் இல்ல" என்றார். பிறகு ஒச்சம்மாளைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் அவள் வயிற்றை இறுக்கிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம் வலிம்மா?"

ஒச்சம்மாள் வாயைத் திறந்தாள். அதற்குள் நான், "அடிவயிறு முழுக்கத்தான் டாக்டர்" என்றேன். அவள், "ஆமா, முழுக்கத்தான்" என்றாள்.

ஒரு புதுப் படம் எடுத்துப் பார்க்கப் போகிறார்களாம். ஊசி இல்லை, கதிர் இல்லை, தொடக்கூட மாட்டார்கள். கொஞ்சம் தள்ளி நின்று ஒரு கேமரா தோலின் சூட்டைப் பிடிக்குமாம். குளிர்ந்த இடம் நீலம், சூடான இடம் சிவப்பு, அதற்கும் மேலே போனால் மஞ்சள், வெள்ளை. ரொம்ப நாள் அடிவயிற்று வலி இருக்கிற நாற்பது பெண்களுக்கு எடுத்துப் பார்த்து, அதனால் பலன் உண்டா என்று கண்டுபிடிக்கிறார்கள்.

"அதுல வலி தெரியுமா டாக்டர்?"

"வலி தெரியாது ஐயா. சூடுதான் தெரியும்."

ஒச்சம்மாளுக்கு ரத்தம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் படம் எடுக்கும் பெண் ஆனிமேரி என்னிடம் சொன்னது: முதல் நாள் சாயங்காலத்திலிருந்து எண்ணெய் தேய்க்கக் கூடாது, தைலம் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கூடவே கூடாது. அன்று காலை காபி, டீ கூடாது. பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டக் கூடாது.

"ஞாபகம் இருக்குமா தாத்தா? எழுதித் தரவா?"

"வேணாம்மா. எனக்கு ஒரு தடவை சொன்னாப் போதும்" என்றேன்.

11-7-2025, வெள்ளி

ஏழு. எட்டு. எட்டு.

தாமரைச்செல்வி கெட்ட பிள்ளை இல்லை. சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"மாமா, இதுலயும் ஒண்ணும் தெரியலேன்னா என்ன செய்ய? ஓசூர்ல மனசுக்குப் பாக்குற டாக்டர் ஒருத்தர் இருக்காராம். அத்தைய அங்க கூட்டிட்டு வரச் சொல்றாக உங்க மகன்."

ஒச்சம்மாள் அடுப்படியில் இருந்தாள். காதில் விழுந்துவிட்டது. மருமகள் வேலைக்குக் கிளம்பிப் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"பைத்தியம்னு எழுதிக் குடுத்துருவாகளா?"

"அதெல்லாம் இல்ல."

"அந்தப் படத்துல தெரியும்ல?"

"தெரியும்" என்றேன்.

எப்படிச் சொன்னேன்?

14-7-2025, திங்கள்

சந்தைக்கு ஓட்டும் மாட்டை முதல் நாள் சாயங்காலமும் மறுநாள் காலையும் கறக்க மாட்டோம். மடி தெறித்து நிற்கும். மாடு காலை அகட்டி அகட்டி நடக்கும். வாங்க வருகிறவன் மடியைப் பார்த்து மயங்குவான். நான் எத்தனை மாட்டுக்கு அப்படிச் செய்திருக்கிறேன். கேட்டால், பால் பொய் இல்லையே, கொஞ்சம் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதானே என்பேன்.

இன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒச்சம்மாள் வலியும் பொய் இல்லையே.

அவளிடம் காபி வேண்டாம், டீ வேண்டாம் என்றேன். எண்ணெய் வேண்டாம், நாடா தளர்த்தியாக இருக்கட்டும் என்றேன். ஒத்தடத்தைப் பற்றிச் சொல்லவில்லை. மறந்து இல்லை.

15-7-2025, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

தாமரைச்செல்விக்குப் பிரசவத்தின்போது வாங்கிய ரப்பர் வெந்நீர்ப் பை பரணில் கிடந்தது. காலையில் அதில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டேன். ஆட்டோவில் ஏறியதும், "ரோடு குலுக்கும், வலிக்கும், வச்சுக்க" என்று சொல்லி முந்தானைக்குள் கொடுத்தேன். அவள் பிடிக்கத் தெரியாமல் பிடித்தாள். நானே வாங்கி அவள் அடிவயிற்றில் வைத்து அழுத்திக்கொண்டேன். அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். கைக்கு எட்டிய பக்கம் இடது பக்கம்.

கப்பலூர் தாண்டும்போது அவள் சொன்னாள்.

"நாப்பத்தாறு வருசத்துல இன்னைக்குத்தான் நீங்க எனக்கு ஒத்தடம் குடுக்குறீக."

அந்த ஆட்டோ டிரைவர் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். "கிழவி குடுத்து வச்சது" என்றான். அவள் வெட்கப்பட்டாள். அவள் வெட்கப்பட்டு நான் பார்த்து எத்தனை காலம் ஆயிற்று.

ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் மறுபடியும் வெந்நீர் வாங்கி ஊற்றினேன். கூப்பிடுகிற வரைக்கும் பெஞ்சில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டிருந்தேன். பேர் கூப்பிட்டதும் பையை வாங்கி என் மஞ்சப்பைக்குள் போட்டுவிட்டேன்.

ஒச்சம்மாள் திரைக்குப் பின்னால் துணி மாற்றிக்கொண்டிருந்தாள். ஆனிமேரி வாசலில் நின்று அட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"எண்ணெய், தைலம்?"

"இல்லம்மா."

"காபி, டீ?"

"பச்சத் தண்ணிதான்."

"ஒத்தடம் ஏதும் வச்சீங்களா தாத்தா?"

"இல்லம்மா" என்றேன். மஞ்சப்பை என் தொடையில் சுட்டுக்கொண்டிருந்தது.

உள்ளே குளிர்ந்த அறையில் அவளை இருபது நிமிசம் சும்மா உட்கார வைத்துவிட்டுப் படம் எடுத்தார்கள். அதற்குள் ஆறிவிடுமோ என்று பயந்தேன். ஆறவில்லை. வெளியே வந்த ஆனிமேரி என்னைப் பார்த்து, "நல்லாத் தெரியுது தாத்தா" என்றாள். என்னைச் சந்தோசப்படுத்தத்தான் சொன்னாள்.

16-7-2025, புதன்

ஆனிமேரி சொன்னதை நேற்றே வீட்டில் சொல்லிவிட்டேன். தாமரைச்செல்வி ஒச்சம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். "நான் தப்பா நெனச்சுட்டேன் அத்தை" என்றாள். மகன் போனில் அரை மணி நேரம் பேசினான். அக்கா முனியாயிக்கும் சேதி போய்விட்டது. "அப்ப நெசமாவே வலிதானா?" என்று கேட்டதாம்.

ஒச்சம்மாள் இன்று எல்லோரிடமும் உரக்கப் பேசினாள். இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள். நம்பர் கேட்டேன். "ஏழு" என்றாள், ஏதோ பரிசு வாங்கிய மாதிரி.

நான் அவள் முகத்தைப் பார்க்காமலே நம்பரை எழுதினேன்.

18-7-2025, வெள்ளி

"இன்னைக்கும் அந்தப் பையை வையுங்களேன்" என்றாள்.

"வெந்நி போடணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனேன். சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்தேன். அவள் மறுபடி கேட்கவில்லை.

22-7-2025, செவ்வாய்

டாக்டரம்மா படத்தைக் காட்டினார். கழுத்துக்குக் கீழே முட்டி வரைக்கும் ஒரு உடம்பு. தலை இல்லை. பச்சையும் நீலமுமாக. இடது அடிவயிற்றில் மட்டும் சிவப்பு, அதற்குள் மஞ்சள், அதற்குள் வெள்ளையாக ஒரு திட்டு.

"அது நானா?" என்றாள் ஒச்சம்மாள்.

"நீங்கதாம்மா. இவ்வளவு தெளிவா யாருக்கும் வரல. இடது பக்கம் ரொம்ப வலிக்குமே?"

ஒச்சம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். மெதுவாகத் தலையாட்டினாள்.

அந்த வெள்ளைத் திட்டின் மேல் ஓரம் நேர்கோடாக இருந்தது. இரண்டு முனையும் வளைந்து கீழே இறங்கியது. உடம்புக்குள் எந்தச் சூடும் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நிற்காது. அது அந்த ரப்பர் பையின் ஓரம். என் கை அழுத்தின இடம் மட்டும் இன்னும் வெளுத்திருந்தது. நான்கு விரல். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா நிறையப் பேசினார். படத்தை மட்டும் நம்பி எதுவும் செய்வதில்லையாம். ஆனால் இத்தனை வருச வலி, இப்போது இதுவும் சேர்ந்திருக்கிறது. இடது சினைப்பை பக்கம் ஸ்கேனுக்குத் தெரியாத ரணம் ஏதும் இருக்கலாம். தொப்புளில் சின்னதாக ஓட்டை போட்டு, குழாய் விட்டு உள்ளே பார்த்துவிடலாம். மயக்க மருந்து கொடுப்பார்கள். அவளுக்குச் சர்க்கரை இருக்கிறது, அதனால் ஒரு நாள் முன்னாடியே வந்து படுக்க வேண்டும். ஆகஸ்ட் ஆறாம் தேதி.

"யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிக்க என்ன இருக்கு. செய்யுங்க டாக்டர்" என்றாள் ஒச்சம்மாள். அவளாகச் சொன்னாள். அவளாக ஒரு வார்த்தை சொன்னது இன்றைக்குத்தான். அதுவும் என் பொய்க்குச் சம்மதம்.

நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் தேதி எழுதிவிட்டார்கள்.

25-7-2025, வெள்ளி

எட்டு. எட்டு. எட்டு.

அவள் வயிற்றில் கத்தி வைப்பது இது முதல் தடவை இல்லை.

1986 தை மாதம். மூன்றாவது பிள்ளை பிறந்து நான்கு மாதம். அவளுக்கு இருபத்தைந்து வயது, உடம்பு குச்சியாகப் போயிருந்தது. வீடு வீடாக வந்த நர்சம்மா, "அந்தப் பிள்ளை ஆப்பரேசன் தாங்காது, ஆம்பளைக்குச் சின்ன வேலைதான், நீ வா" என்றார். சரி என்றேன். வெள்ளிக்கிழமை குடும்பக் கட்டுப்பாட்டு முகாம். பேர் எழுதிக்கொண்டு போனார்கள்.

வியாழக்கிழமை சந்தையில் தெரிந்துவிட்டது. நாங்கள் மாட்டுக்காரர்கள். காளைக்குக் காயடிப்பதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவர்கள். "மாப்ள, நாளைக்கு உனக்கா?" என்று ஒருத்தன் கேட்டான். இன்னொருத்தன் என்னைக் கீழே தள்ளிக் காலைக் கட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினான். சந்தையே சிரித்தது.

மறுநாள் காலையில் ஜீப் வாசலில் நின்றது. நர்சம்மா என் பேரைத்தான் கூப்பிட்டார். "அவளே பண்ணிக்கிறேங்குறா" என்றேன். அவள் அப்படிச் சொல்லவே இல்லை. வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். வாளியைக் கீழே வைத்தாள். பிள்ளையை அக்காவிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினாள். ஊதாப் புடவை. செருப்புப் போடவில்லை. புருசன் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். இடது கைப் பெருவிரலை வைத்தேன்.

புண் சீழ் பிடித்து ஒரு மாதம் கிடந்தாள். மஞ்சள் அரைத்துப் போட்டோம். வெயில் ஏறின பிறகு ஆறிப்போனது. வலி மட்டும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ரெண்டு வருசம் சொன்னாள். அப்புறம் எப்போதாவது சொன்னாள். அப்புறம் நான் அதற்கு ஒரு பேர் வைத்தேன்.

எனக்கு வைக்க வேண்டிய கத்தியை ஒரு தடவை அவள் வாங்கிக்கொண்டாள். இப்போது இரண்டாவது.

27-7-2025, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

தாமரைச்செல்வி கோயிலுக்குப் போயிருந்தாள். ஒச்சம்மாள் கட்டிலில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் முன்னாடியே மடிக்கிறாள்.

"ஒச்சு, அன்னைக்கு வெந்நிப் பை வச்சேன்ல…"

"ஆமா. நல்லாருந்துச்சு."

"அது வலிக்காக வைக்கல. படத்துல செவப்பாத் தெரியட்டும்னு வச்சேன். வைக்கக் கூடாதுன்னு அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சு. நான் உன்கிட்ட மறைச்சுட்டேன்."

மடித்த துணியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். தட்டுகிற கை நின்றது.

"அப்ப அந்தச் செவப்பு என்னுது இல்லையா?"

"இல்ல."

"எனக்கு அந்தப் பக்கம் வலியே கெடையாது" என்றாள்.

"பின்ன எந்தப் பக்கம்?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டேன் என்று தெரிந்தது. அவள் கோபப்படவில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னாள்.

"வலது பக்கம். ஆப்பரேசன் தழும்போட நுனியில. ஒரு விரக்கடை எடம். அங்கன இருந்து தொடைக்கு இறங்கும்."

அப்போதுதான் எனக்கு வந்தது. சீழ் வைத்தது வலது நுனியில். மஞ்சள் அரைத்து அந்த நுனியில் அப்பியவன் நான். கண்ணால் பார்த்தது. பல் எண்ணிச் சொல்கிறவனுக்கு அது ஞாபகத்துக்கு வர முப்பத்தொன்பது வருசம் ஆகியிருக்கிறது.

"டாக்டர் இடது பக்கம்னு கேக்கயில தலையாட்டுனியே?"

"படம் சொல்லுது. படிச்ச புள்ள சொல்லுது. எனக்குத்தான் எடம் தெரியலயோன்னு நெனச்சேன்."

"ஆட்டோவுல நான் வைக்கயில, இந்தப் பக்கம் இல்லன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா எடுத்துருவீகளேன்னு சொல்லல."

பிறகு துணியைப் பிரித்து மறுபடி கொடியில் போட்டாள்.

28-7-2025, திங்கள்

நம்பர் கேட்டேன். சொல்லவில்லை. மூன்று கட்டமும் காலி.

29-7-2025, செவ்வாய்

காலி.

சோறு வைக்கிறாள். தண்ணீர் வைக்கிறாள். தாமரைச்செல்வி, "என்ன மாமா, அத்தை உம்முனு இருக்காக?" என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்து, "நான் அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டது கேட்டதாவே இருக்கட்டும் மாமா" என்றாள்.

30-7-2025, புதன்

டாக்டரம்மாவிடம் சொல்ல நான் மட்டும் போவதாக இருந்தேன். சட்டை போடும்போது ஒச்சம்மாள் புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"நானும் வாரேன். நீங்க சொல்றத நான் கேக்கணும்."

பஸ்ஸில் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். ஒச்சம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், உதவி செய்யவில்லை. சொன்னேன். பை, டீக்கடை, ஆனிமேரி கேட்டதற்குச் சொன்ன பொய், எல்லாம். படத்தில் இருக்கிற நேர்கோட்டைக் காட்டினேன். டாக்டரம்மா கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆனிமேரியைக் கூப்பிட்டார். அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. அந்தப் பார்வை இன்னும் போகவில்லை.

"இது நாப்பது பேர்ல ஒருத்தரோட படம் ஐயா. இத வச்சு நாளைக்கு இன்னொரு பொண்ணுக்கு முடிவு எடுத்திருப்போம். தெரியுமா?"

"அம்புட்டுத் தூரம் நெனைக்கல டாக்டர்."

"எனக்கும் தப்பு இருக்கு. இவ்வளவு சுத்தமா வந்தப்பவே சந்தேகப்பட்டிருக்கணும். அம்மாகிட்ட நேரா கேட்டிருக்கணும்." ஆறாம் தேதியைப் பேனாவால் அடித்தார். பிறகு, "நீங்க வெளிய இருங்க. நான் அம்மாகிட்டத் தனியாப் பேசணும்" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல். கதவுக்கு அந்தப் பக்கம் ஒச்சம்மாள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. வார்த்தை புரியவில்லை. நிற்காமல் பேசிக்கொண்டிருந்தாள். அவளிடம் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்குத் தெரியாது.

5-8-2025, செவ்வாய்

மறுபடியும் படம். இந்தத் தடவை தாமரைச்செல்வி லீவு போட்டுக் கூட வந்தாள். ஆனிமேரி அட்டையைப் பார்த்துக் கேள்வி எல்லாம் ஒச்சம்மாளிடமே கேட்டாள். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் இருந்த பக்கமே திரும்பவில்லை.

படத்தில் சிவப்பே இல்லை. போச்சு, ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டது என்று நினைத்தேன். டாக்டரம்மா விரலால் காட்டினார். வலது பக்கம், தழும்பு முடிகிற இடத்தில், உள்ளங்கை அளவுக்கு நீலம். மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குளிர்ச்சி.

"லேசான வித்தியாசம்தான். இத மட்டும் வச்சு நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆனா போன வாரம் அம்மா விரல் வச்சுக் காட்டின எடமும் இதுவும் ஒண்ணா இருக்கு." ஒற்றை விரலால் அந்த இடத்தை அழுத்தினார். ஒச்சம்மாள் கட்டிலை விட்டு எழும்பிவிட்டாள். பக்கத்தில் அழுத்தினால் ஒன்றும் இல்லை. தழும்புக்குள் நரம்பு ஒன்று மாட்டியிருக்கலாமாம். அந்த இடத்தை மரத்துப்போக வைக்கிற ஊசி போட்டுப் பார்ப்போம், வலி அடங்கினால் அதுதான் என்றார்.

ஊசி போடும்போது, "ஐயா உள்ள இருக்கலாமாம்மா?" என்று அவளைக் கேட்டார்.

"வெளிய இருக்கட்டும்" என்றாள்.

தாமரைச்செல்வி வந்து சொல்லித்தான் தெரியும். ஊசி போட்டுக் கால் மணி நேரம் கழித்து ஒச்சம்மாள் எழுந்து உட்கார்ந்து, "என்ன செஞ்சீக?" என்று கேட்டிருக்கிறாள். "ஏம்மா, வலிக்குதா?" என்றாராம் டாக்டரம்மா. "இல்ல. பக்கத்து ரைஸ்மில்லு நின்னுபோன மாதிரி இருக்கு" என்றாளாம். சொல்லிவிட்டு அழுதாளாம்.

வரும் வழியில் எல்லாம் தூங்கினாள். தாமரைச்செல்வி தோளில்.

6-8-2025, புதன்

சைபர். சைபர். ஒன்று.

என் கை சைபர் எழுதிப் பழகவில்லை. முட்டை மாதிரி கோணலாக வந்தது.

20-8-2025, புதன்

மூன்று. நான்கு. மூன்று.

ஊசி பத்து நாள்தான் முழுசாக நின்றது. பிறகு வலி திரும்பி வந்தது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. நேற்று இரண்டாவது ஊசி. இது மெதுவாகத்தான் பிடிக்குமாம். தேவைப்பட்டால் அந்த நரம்பைச் சரி செய்யச் சின்ன ஆப்பரேசன் உண்டு, அவசரம் இல்லை, அம்மாதான் முடிவு செய்ய வேண்டும் என்றார் டாக்டரம்மா.

ஒச்சம்மாள் என்னோடு பேசுகிறாள். பால்காரன் வந்தானா, மோட்டார் போட்டாச்சா. கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். நம்பரும் சொல்கிறாள். மற்றது இல்லை. நான் அதைக் கேட்கிற நிலையில் இல்லை.

இன்று ஒன்று கேட்டேன். "1986-ல ஜீப்புல ஏறயில, நான் வரமாட்டேன்னு ஏன் சொல்லல?"

பூண்டு உரித்துக்கொண்டே இருந்தாள். தோலை ஊதித் தள்ளிவிட்டு, "நீங்க பயந்துட்டீகன்னு தெரிஞ்சுச்சு. ஊருக்கு முன்னாடி உங்கள எப்படி விட்டுக்குடுக்குறதுன்னு ஏறிட்டேன்" என்றாள்.

31-8-2025, ஞாயிறு

இரண்டு. இரண்டு. இரண்டு.

அக்கா வந்து போனது. நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன். உள்ளே அவர்கள் என்ன பேசினார்களோ, ஒச்சம்மாள் சிரிக்கிற சத்தம் கேட்டது.

18-9-2025, வியாழன்

காலையில் கேட்டேன். "ஒண்ணு போட்டுக்கங்க" என்றாள். பிறகு, கொட்டாம்பட்டிக்குப் போகப் போவதாகச் சொன்னாள். எங்கள் மகள் பாண்டீஸ்வரியை அங்கேதான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவ்வளவு தூரம் பஸ்ஸில் உட்கார முடியாது என்று ஒச்சம்மாள் அங்கே போய்த் தங்கி எட்டு வருசம் ஆயிற்று. என்னிடம் போகட்டுமா என்று கேட்கவில்லை. போறேன் என்றாள்.

துணிப்பையில் இரண்டு புடவை, மாத்திரை, டாக்டரம்மா கொடுத்த நம்பர் புத்தகம். அதை எடுத்து வைப்பதை நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அங்கன பேத்தி எழுதும்" என்றாள். "இங்க இருந்தா நான் சொல்லாமயே நீங்க போட்டுருவீக."

சிரிப்பாகத்தான் சொன்னாள். சிரிப்பு மாதிரிதான் இருந்தது.

மாட்டுத்தாவணி வரைக்கும் கூடப் போனேன். பையை நான் தூக்கவா என்றேன், வேண்டாம் என்றாள். மேலூர் வழியாகப் போகிற பஸ் நின்றது. எப்போது வருவாய் என்று கேட்க வாய் எடுத்தேன். கேட்கவில்லை. அவள் படியில் ஏறி, ஜன்னல் ஓரமாக இடம் பிடித்து, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு பக்கமும் சாயாமல், கம்பியைப் பிடிக்காமல், நேராக. பஸ் கிளம்பித் திரும்பும் வரைக்கும் அப்படியே நேராகத்தான் உட்கார்ந்திருந்தாள்.